கை ஆடாத நேரம்

அரிசி வறுபடும் வாசம் காற்றில் வந்தால் எனக்குப் பசி எடுப்பதில்லை; ஒரு கண்ணாடியைத் துடைக்க வேண்டும் என்று கை தேடுகிறது. ஆரையம்பதியில் என் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி, பிட்டுக்கு மா வறுத்து விற்கும் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்கள் சட்டியை அடுப்பில் ஏற்றும் காலைகளில் நான் எழுதிக்கொண்டிருக்கும் வரி பாதியில் நின்றுவிடும். முதலில் பச்சையாக, பிறகு இளஞ்சூடாக, கடைசியில் கருகலுக்கு ஒரு நூல் இப்பால் நிற்கும் அந்த வாசம் ஜன்னலால் வந்து மேசையில் குந்தும். அதோடு ஒரு தோணியும், பனிமூட்டமும், தகரப் பெட்டி ஒன்றும், அசையாமல் நின்ற ஒரு கையும் வந்துவிடும். அதற்கு மேல் அன்றைக்கு எழுத முடியாது. எழும்பி ஆற்றங்கரை வரைக்கும் ஒரு நடை போவேன். ஓரிடத்தில் இருக்கப் பிறந்த ஆள் இல்லை நான். சாட்டு ஒன்று கிடைத்தால் போதும்.

அந்தக் கை என் சிநேகிதனுடையது. ஏறாவூர்க்காரன். எங்கள் பகுதியின் கல்யாண வீடுகளைப் படம் பிடித்தே தலை நரைத்தவன். கோயில் மண்டபத்தில் தாலி ஏறும்போது எந்தத் தூணோடு ஒட்டி நிற்க வேண்டும், நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை மாமனாரின் கையைப் பிடிக்கும்போது யாருடைய முகத்துக்குக் கமராவைத் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். பெண்ணின் தகப்பன் சால்வையால் முகத்தைத் துடைக்கப் போகிறார் என்பதை அவர் துடைப்பதற்கு முன்பே அறிந்துவிடுவான்.

பிறகு அவனுடைய வலது கையின் பெருவிரல் ஆடத் தொடங்கியது. விரலிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறியது. நரம்பு வருத்தம் என்றார்கள், குளிசை கொடுத்தார்கள். குளிசை போட்டால் சற்று நேரத்தில் கை அடங்கும். வெயில் ஒரு பனை உயரம் ஏறுவதற்குள் மறுபடி ஆடும். ஒரு கல்யாண வீட்டில் படத்தைப் போட்டுப் பார்த்தபோது பெண்ணின் தம்பி, அண்ணனை நானா என்று கூப்பிடும் முஸ்லிம் வீட்டுப் பொடியன், கேட்டானாம், "என்ன நானா, அண்டைக்குப் பூமி அதிர்ச்சியா?" என்று. வீடே சிரித்தது. இவனும் சிரித்தான். அதற்குப் பிறகு எந்தக் கல்யாண வீட்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. போனில் படம் எடுக்கிற பொடியன்கள் தொழிலைக் கொண்டு போய்விட்டார்கள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான். உண்மை அவன் மனைவிக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

ஒரு பின்னேரம் அவனுடைய வீட்டு முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். அவன் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"ஆத்த எடுக்கப் போறன் மச்சான்" என்றான். "தெக்கு முனையிலருந்து எங்கட ஊர்க் கரை மட்டுக்கும். ஒரே படம்."

"ஆறு அங்கயேதான் கிடக்கு. இப்ப என்ன அவசரம்?"

"தோணியில எல்லாம் ஆடும். தோணி ஆடும், தண்ணி ஆடும், எடுக்கிறவனும் ஆடுவான். யார்ட ஆட்டம் எண்டு எவனும் கேக்கமாட்டான்."

நான் சிரிக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"நான் இன்னும் படம் எடுக்கிறவனா இல்லையா எண்டு எனக்குத் தெரியணும். வேற ஒருத்தருக்கும் தெரியத் தேவல்ல."

"நான் என்ன செய்யோணும்?"

"நீ சும்மா எழுதிக்கிட்டு இரிக்கிற ஆள்தானே. ரெண்டு வேல தாறன். கமராவுக்குக் கரண்ட் குடு. ஈரம் படாமப் பாத்துக்க. படத்துல மட்டும் கை வெக்காத."

இப்படித்தான் நான் அந்தப் பயணத்தின் மின்சார சபையும் கூரையும் ஆனேன்.

தேசப்படத்தில் அதை வாவி என்று எழுதுவார்கள். எங்கள் வாயில் அது ஆறுதான். ஓடுகிறதா நிற்கிறதா என்று ஒரு முடிவுக்கு வராத ஆறு. ஒரு பக்கம் சூரியன் எழும் எழுவான்கரை, மறுபக்கம் சூரியன் விழும் படுவான்கரை, இரண்டுக்கும் நடுவே உப்பும் நன்னீரும் வழக்குப் பேசிக்கொண்டே கிடக்கும் நீளத் தண்ணீர். அந்த உப்புத்தான் என் எதிரி. ஆற்றுக் காற்று இனிமையாக வந்து முகத்தைத் தடவும். அதே காற்று லென்ஸின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும்.

பெரிய பிஸ்கட் தகரம் ஒன்றை எடுத்தேன். மூடியின் விளிம்பில் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி வளையமாக ஒட்டினேன். கட்டாரிலிருந்து வந்த சப்பாத்துப் பெட்டிகளில் கிடக்கும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களை அவன் ஒரு பை நிறையக் கொண்டு வந்தான். பாதிக்கு மேல் பழசு, ஈரம் குடித்துக் களைத்தவை. ஆகவே அரிசி. பச்சை அரிசியை நிறம் மாறும் வரை வறுத்து, நன்றாக ஆறவிட்டு, தகரத்தின் அடியில் பரப்பி, மேலே துணி விரித்து, அதன் மேல் கமராவை வைத்து, மூடிக் கயிற்றால் கட்டுவது. என் மனைவிதான் வறுத்தாள்.

"எனக்கு ஒரு நாள் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊத்தித் தந்திரிக்கிங்களா? கமராவுக்கு மட்டும் சோறு" என்றாள். "கறி என்ன வைக்கட்டும் அதுக்கு?"

தோணி எங்கள் ஊர்க்காரர் ஒருவருடையது. எங்களைவிடப் பத்து வயது இளையவர், வாய் ஓயாதவர். சின்ன எஞ்சின் பூட்டிய தோணி. ஆழம் குறைந்த இடத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கம்பால் ஊன்றுவார். இறால் பிடிக்கப் போகும்போது விளக்குக்கு வைத்திருக்கும் பெரிய பற்றரி ஒன்று அவரிடம் இருந்தது. நான் அதை ஆசையாகப் பார்த்தேன்.

"அதப் பாக்காதீங்கண்ணன்" என்றார். "சூரியன் உங்களுக்கு, பற்றரி எனக்கு. சரியான பங்கு."

சூரியனைத்தான் நம்பினேன். மடித்து விரிக்கும் சோலர் தகடு ஒன்றை இரவல் வாங்கித் தோணியின் பந்தல் மேல் கட்டினேன். தெற்கு முனையில் துறைநீலாவணைப் பக்கமிருந்து புறப்பட்ட முதல் நாளே மாசி மாதத்து முகில் வந்து அதன் மேல் போர்வை போட்டது. கமராவுக்கு இரண்டு பற்றரி நல்லது, மூன்றாவது கிழடு. நான் கருமி ஆனேன். அவன் கொக்கு பறப்பதற்காகக் கமராவைத் திறந்தபடி காத்திருந்தால், "நிப்பாட்டு மச்சான், அது பறக்கிற நேரம் உனக்குச் சொல்லிப்போட்டா பறக்கும்?" என்பேன். கொக்கு அந்த நொடியே பறக்கும். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கும் பார்வையில் ஒரு கல்யாண வீட்டுச் சண்டையே இருக்கும். கிழட்டுப் பற்றரி மத்தியானத்துக்கு முன் கண்ணை மூடியது.

"மௌத்து" என்று மரணச் செய்தி அறிவித்தான். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

மின்சாரம் தேடிக் கரையேறினால், துறையடியில் ஒரு சலூன். சவரக்காரர் பிளக்கைக் காட்டினார், பிறகு கதிரையையும் காட்டினார்.

"கரண்ட் சும்மா தரலாம். ஆனா இந்த இடத்துல சும்மா இருந்தா வாறவன் என்ன நினைப்பான்? கடை ஓடேல்ல எண்டுதான். ஆராவது ஒராள் கதிரையில இருங்க."

சிநேகிதன் தாடி வைத்தவன், அதைத் தொட விடமாட்டான். நான் இருந்தேன். பற்றரி ஒரு கோடு ஏறுவதற்குள் முகம் முடிந்துவிட்டது. தலையைக் கொடுத்தேன். அடுத்த துறையில் வேறொரு சலூன். அங்கே கொடுக்க மீசைதான் மிச்சம். மீசை இல்லாமல் தோணிக்குத் திரும்பியபோது தோணிக்காரர் கம்பை ஊன்றுவதை மறந்து நின்றார்.

"இன்னும் ரெண்டு கடை வந்தா அண்ணன் மொட்டையடிச்சுக் காவடியும் எடுத்திருவார்."

இப்படிச் சிரிப்பும் சிடுசிடுப்புமாகத் தோணி வடக்கே ஊர்ந்தது. ஆனால் சிநேகிதன் படம் எடுக்கும்போது நான் அவன் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் குளிசைகளை நல்ல வெளிச்சத்துக்கென்று பிடித்து வைத்தான். பின்னேரம் பொன் வெயில் விழும் என்றால் மத்தியானம் ஆடும் கையோடு பொறுத்திருந்து, பிறகு விழுங்குவான். எனக்குப் பற்றரியின் கோடுகள், அவனுக்குக் கையின் அமைதி. ஒரே தோணியில் இரண்டு கருமிகள்.

எடுத்ததைச் சின்னத் திரையில் போட்டுப் பார்ப்போம். சில துண்டுகள் கண்ணாடி போல நிற்கும். சில துண்டுகளில் கரையின் தென்னை எல்லாம் குளிர் காய்ச்சல் வந்ததுபோல நடுங்கும். அப்போது தோணிக்காரர் எட்டிப் பார்ப்பார்.

"தோணி ஆடிப் போச்சா நானா? மெதுவா விடட்டா?"

"ஓம், கொஞ்சம் ஆடுதுதான்" என்பான் இவன், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "பரவால்ல."

பாவம், அவர் எஞ்சினை மேலும் தணிப்பார். நாங்கள் தண்ணீரோடு தண்ணீராகக் கிடப்போம். அவசரமில்லாமல் ஒரு நீர்க்காகம் எங்களைக் கடந்து நீந்திப் போயிற்று.

அவனுடைய ஆசை முழுவதும் விடிய முந்திய ஒரு வெள்ளாப்பு நேரத்தில் இருந்தது. படுவான்கரையில் ஆறு வளையும் ஓரிடத்தில், மாசிப் பனி தண்ணீர் மேல் இறங்கிக் கிடக்க, வீச்சுவலைக்காரர்கள் இடுப்பளவு நீரில் நின்று வலை எறிவார்கள். பனிக்குள் ஆள் பாதிதான் தெரியும். வலை மட்டும் முழுவதாக விரியும். கல்யாண வீடுகளுக்குப் போக வர, பஸ் ஜன்னலால் பல முறை பார்த்திருக்கிறானாம். இறங்கி எடுக்க ஒருநாளும் நேரம் இருந்ததில்லை. "அத மட்டும் கை ஆடாம எடுத்தா, மத்ததெல்லாம் ஆடினாலும் எனக்குக் கவல இல்ல" என்றான். அதற்காக ஒரு குளிசையை நெஞ்சுப் பொக்கற்றில் தனியே வைத்திருந்தான்.

அந்த வளைவுக்குக் கிட்டத்தான் தோணிக்காரரின் அக்கா வீடு. புருஷன் இறந்து, மகளும் வெளியூரில் இருக்க, தனியே இருப்பவர். பின்னால் வட்டை என்கிற வயல்வெளி, முன்னால் ஆறு. அறுவடை முடிந்து புது நெல் வீட்டுக்குள் சாக்குச் சாக்காகக் கிடந்தது. பொழுது சாயும் நேரம் போய் இறங்கினோம். தகரத்தை அறைக்குள் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனோம். குளித்து வந்தபோது மீன் குழம்பும் சோறும் தயாராக இருந்தன. தகரம் வைத்த இடத்திலேயே இருந்தது. நான் கட்டிய முடிச்சைவிட அழகான முடிச்சு அதில் இருந்தது என்பதை மறுநாள்தான் நினைத்துப் பார்த்தேன்.

இருள் பிரிய முன்பே அவன் குளிசையைப் போட்டுவிட்டான். தோணிக்காரர் எஞ்சினைத் தொடாமல் கம்பால் ஊன்றினார். பனி தண்ணீரை ஒட்டி வெண்மையாகப் படுத்திருந்தது. வலைக்காரர்களின் இருமல் முதலில் கேட்டது, பிறகு உருவம் தெரிந்தது. சிநேகிதன் கையைத் தண்ணீர் மேல் நீட்டிப் பார்த்தான். விரல்கள் ஐந்தும் ஒரு கிளைபோல நின்றன.

நான் தகரத்தைத் திறந்தேன்.

உள்ளே வறுத்த அரிசி இல்லை. விளிம்பு வரைக்கும் வெள்ளைவெளேர் என்று புது அரிசி. அதன் மேல் பூப்போட்ட துவாயில் பிள்ளையைச் சுற்றுவதுபோல் சுற்றிக் கமரா. துவாயை விலக்கினால் லென்ஸின் கண்ணாடியில் ஈரம் பால்போலப் படிந்திருந்தது. துடைத்தேன். வெளியே துடைபட்டது, உள்ளே அப்படியே இருந்தது. அவன் வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தான். எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். மறுபடி வைத்தான்.

முன்னால் ஒருவர் வலையைத் தோளில் போட்டு, உடம்பை ஒரு முறுக்கு முறுக்கி எறிந்தார். வலை பனியின் மேல் வட்டமாக விரிந்தது. அதன் ஈயக்குண்டுகள் ஒரு பிடி மழைபோலத் தண்ணீரில் விழுந்தன. இன்னொருவர் எறிந்தார். அப்பால் இன்னொருவர். அத்தனை வலையும் அவனுக்காகவே விரிந்ததுபோல் இருந்தது. அவன் கமராவை மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருந்தான்.

"கை நிக்குது மச்சான்" என்றான் மெதுவாக. "பாரேன். நிக்குது."

நான் அந்தக் கையைப் பார்த்தேன். துவாயின் ஓரத்தால் லென்ஸை மறுபடி துடைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் தோணிக்காரர் வேலிப் படலையிலேயே தொடங்கிவிட்டார்.

"அக்கா, தகரத்துக்க கிடந்த அரிசிய என்ன செஞ்ச நீ?"

"கோழிக்குப் போட்டன்" என்றார் அவர், முற்றம் கூட்டியபடி. "அதுகளும் தின்னேல்ல. அப்பிடிக் கருக்கி வெச்சிரிக்கி, ஆர் வறுத்ததோ."

அந்த வறுவல் என் மனைவி செய்தது என்பதை நான் சொல்லவில்லை.

"ஏனக்கா எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் விளக்குமாற்றை வேலியில் சாத்தினார். "என்ன மனே கேக்கிறீங்க? புது நெல்லு வீடு நிறையக் கிடக்கு. வந்த ஆக்கள் அரிசி கட்டிக் கொண்டு வந்து தங்கிப் போறதா? ஆரும் கண்டா என்ட வீட்டப் பத்தி என்ன பறைவாங்க? போற வழிக்கு எங்கட வட்டை அரிசி கொண்டு போகட்டும் எண்டு நிறைச்சு வெச்சன். கமரா அடிபட்டிரும் எண்டு என்ட நல்ல துவாயில சுத்தினன்."

எங்கள் பக்கத்தில் அரிசியோடு விருந்துக்குப் போவது, உங்கள் அடுப்பை நான் நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். படுவான்கரையில் யாரும் தாங்கமாட்டார்கள். எனக்கும் அது தெரியும். ஆனால் அந்த அரிசியை அரிசி என்று நான் நினைக்கவே இல்லை. அது என் கண்ணில் ஒரு சாமான்.

"அது சமைக்க இல்லக்கா. ஈரம் குடிக்க."

"அப்ப நான் போட்டதும் அரிசிதானே? அதுவும் குடிக்கும்தானே?" என்றவர், பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். கையை வாயில் வைத்தார். "வெயில் காட்டாத நெல்லு மனே. போன கிழமை வெட்டினது. அவசரத்துக்குக் குத்துவிச்சன். அது தண்ணியெல்லாம் விட்டிருக்கும்."

பிறகு குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினார். பழைய அரிசி கொஞ்சம் பானையின் அடியில் வைத்திருந்தார். அதைச் சட்டியில் போட்டு வறுக்கத் தொடங்கினார். அந்த வாசம் முற்றத்துக்கு வந்தது.

நான் கமராவைச் சுளகில் வைத்து, லென்ஸை வெயில் நேரே குத்தாதபடி திருப்பி வைத்தேன். பால் மெல்ல மெல்ல விளிம்புக்கு ஒதுங்கியது. ஆனால் சூரியன் பனையைத் தாண்டிக்கொண்டிருந்தது. சிநேகிதன் குசினி வாசலில் பலகையில் இருந்து தேத்தண்ணி குடித்தான். பேணி முதலில் ஒரு தரம் பல்லில் தட்டுப்பட்டது. பிறகு அது நிற்கவில்லை. தேத்தண்ணி அவன் சாரத்தில் தெறித்தது. தோணிக்காரர் வேறெங்கோ பார்த்தார். நானும்தான்.

அக்கா மட்டும் அகப்பையைக் கையில் வைத்தபடி நேரே பார்த்தார்.

"கை ஆடுது மனே. கன நாளா?"

அவன் பேணியைக் கீழே வைத்தான். "கொஞ்ச நாள்."

"எங்கட மனிசனுக்குத் தலை ஆடும்" என்றார் அவர், மறுபடி அரிசியைக் கிளறிக்கொண்டு. "கடைசி காலத்துல. இப்பிடி, இப்பிடி. ஆர் என்ன கேட்டாலும் இல்ல இல்ல எண்டு ஆட்டுறமாதிரி இருக்கும். தேத்தண்ணி வேணுமா எண்டா அதுக்கும் இல்ல. கோயில் கூட்டத்துல இவரத் தலைவராப் போட எழும்பினாங்க. இவர் தலைய ஆட்டினார். வேணாமாம் எண்டு வேற ஆளப் போட்டுட்டாங்க. அந்தக் கோவம் சாகு மட்டும் போகல்ல அவருக்கு."

சிநேகிதன் சிரிக்கத் தொடங்கினான். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அத்தனை நாளில் அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அக்காவும் சேர்ந்து சிரித்தார். அகப்பையிலிருந்து அரிசி நாலு நெருப்பில் விழுந்து பொரிந்தது.

சிரிப்பு அடங்க முன்பே எழும்பிப் போய்க் கமராவை எடுத்து வந்தான். பலகையில் இருந்தபடி, அரிசி கிளறும் அவருடைய கைகளை எடுத்தான். காப்பு, அகப்பை, பொன்னிறத்துக்கு வந்துகொண்டிருக்கும் அரிசி, புகையில் சுருங்கும் கண். முழங்கையை முழங்காலில் ஊன்றியும் கை ஆடியது. நான் பற்றரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேண்டுமட்டும் எடுக்கட்டும் என்று விட்டேன்.

"காட்டு, பாப்பம்" என்றார் அக்கா. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இதுல நான் ஆடுறனா, நீ ஆடுறியா மனே?"

இங்கே தோணி இல்லை. காலடியில் மெழுகிய தரை.

"நான்தான் அக்கா" என்றான் அவன். "வருத்தம். கைதான் ஆடுது."

"அதானே பாத்தன். நான் ஆடேல்லயே எண்டு." அவர் அடுப்புக்குத் திரும்பினார். "முகம் நல்லா வந்திரிக்கி. மகளுக்கு அனுப்பி விடு."

தோணிக்காரர்தான் தாங்கவில்லை.

"அப்ப ரெண்டு நாளா என்ட தோணிய ஏன் நானா குத்தம் சொன்னீங்க? நான் பயந்து பயந்து ஆமை மாதிரி விட்டிட்டு வாறன். நீர்க்காகம் முந்திப் போகுது."

"உன்ட தோணியும் ஆடுதுதான்" என்றான் இவன். "என்ன விடக் கொஞ்சம் குறைய."

வறுத்த அரிசி ஆறும் வரை இருந்து, தகரத்தை நிறைத்துக்கொண்டு புறப்பட்டோம். அக்கா தனியே ஒரு பையில் புது அரிசியும் கட்டித் தந்தார்; வாங்காமல் வர முடியுமா? பனி எப்போதோ போய்விட்டது. வலைக்காரர்களும் வலையை உலர்த்தப் போட்டுவிட்டு வீடு போய்விட்டார்கள். அந்த வளைவைக் கடக்கும்போது அவன் வெறும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் எடுத்தான்.

அதற்குப் பிறகு தோணி தன் இஷ்டத்துக்கு ஓடியது. முகில் விலகி, சோலர் தகடு கடைசியில் தன் கடமையைச் செய்யத் தொடங்கியது. அவன் ஆடும் நேரம், ஆடாத நேரம் என்று பார்க்காமல் எடுத்தான். ஆடினால், "இது நான்" என்பான். அலை வந்து தூக்கினால், "இது தோணி" என்பார் பின்னாலிருந்து தோணிக்காரர். எங்கள் ஊரைக் கடந்தோம், காத்தான்குடியின் மினாராக்களைக் கடந்தோம், பாலத்தின் அடியால் போனோம். தன்னாமுனைக் கரையில் பிள்ளைகள் தண்ணீருக்குள் குதித்துக் கை காட்டினார்கள். அவன் கமராவோடு சேர்த்துக் கையை ஆட்டினான்.

ஏறாவூர்க் கரை தெரிந்தபோது வெயில் தணிந்து, ஆறு செம்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. இதற்காகவே நான் ஒரு பற்றரியை முழுதாக நிறைத்து, வழியெல்லாம் தொடாமல் வைத்திருந்தேன். அவனுடைய சொந்தக் கரை, படத்தின் கடைசித் துண்டு. ஓடித் தீர்ந்த பற்றரியைக் கழற்றி நிறைந்ததைப் போட்டு, லென்ஸைத் துடைத்து, அவனிடம் நீட்டினேன்.

அவன் வாங்கினான். கரையைப் பார்த்தான். கமராவை நிறுத்தித் தகரத்துக்குள் வைத்தான்.

"என்ன செய்றாய்?" என்றேன். "முழுசாக் கிடக்கு. ஒரு கோடும் குறையல்ல."

"கிடக்கட்டும்."

"இந்த வெளிச்சம் இன்னொரு நாள் வருமா? கை ஆடினா ஆடட்டும். தோணி ஆடினமாதிரித்தான் இருக்கும் எண்டு நீதானே சொன்ன?"

"அதுக்குத்தான் மச்சான் எடுக்காம விடுறன்." அவன் கரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அங்கே கொடியில் காய்ந்த உடுப்புகளை ஒரு பெண் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் மனைவி. அவள் எங்கள் தோணியை இன்னும் பார்க்கவில்லை. "எங்கட ஊட்ட நான் தோணியில ஒளிச்சிக்கிட்டு எடுக்கமாட்டன். அது கரையில நிண்டு எடுக்கிற இடம். ஆடினா என்ட கைதான் எண்டு தெரியட்டும். அவளும் ஒரு பக்கத்துல நிக்கட்டும்."

எனக்கு ஏமாற்றம்தான். காத்து வைத்ததைக் கேட்காமல் விட்டால் எந்தக் கருமிக்கும் வருகிற ஏமாற்றம். ஆனால் அவன் முகத்தில் நான் பல மாதமாகக் காணாத ஒன்று இருந்தது. கல்யாண வீட்டுக்குள் கமராவோடு நுழையும்போது, எங்கே நிற்பது என்று மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்ப்பானே, அந்தப் பார்வை. கரையில் எந்த இடத்தில் நிற்பது என்று அவன் இப்போதே தேடிக்கொண்டிருந்தான்.

தோணி சேற்றில் உரசி நின்றது. அவன் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினான். ஆடும் கையைத் தோணிக்காரரின் தோளில் வைத்து இறங்கினான். அவரும் அதற்கென்றே தோளைக் கொடுத்துக்கொண்டு நின்றார். நான் தகரத்தை எடுத்து நீட்டினேன். அவன் மூடியைத் திறந்து கமராவை மட்டும் எடுத்துக் கழுத்தில் மாட்டினான். அதன் அடியிலிருந்து பற்றரியைக் கழற்றி, மற்றதோடு சேர்த்து என் கையில் வைத்து, விரல்களை மூடினான். அவன் கை என் கைக்கு மேல் ஆடிக்கொண்டே இருந்தது.

"ஏன், உங்க ஊட்டுல கரண்ட் இல்லையா?" என்று கேட்டேன்.

"இரிக்கி" என்றான். "நீ வெள்ளிக்கிழம ஜும்மா முடிய வா. வரக்குள்ள நிறைச்சிக் கொண்டு வா."